சேதாரம் போக

அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு
ஒரு நாதஸ்வரக் கச்சேரி வாங்கினேன்.
கையில் எதுவும் வரவில்லை.
மகனின் லேப்டாப்பில் ஒரு பச்சைக்கோடு
முக்கால் மணி நேரம் நகர்ந்தது.
பிறகு ஏழு கோப்புகள், நானூற்றுச் சொச்சம் எம்பி.
"இதுக்கா காசு?" என்றார் கந்தவடிவேல்.
சீட்டுப் பணம் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இளம்பிள்ளையில் தறி ஓடாத நாள்.
ஏற்காடு போக ஆம்னியை எடுத்தோம்.
தெருமுனை தாண்டவில்லை,
ஸ்டீரியோ சிவப்பில் எழுதியது: பாட்டு இல்லை.
ஏழு இருக்கிறது. அதற்கு வாசிக்கத் தெரியவில்லை.

"மாத்தணும்மா" என்றான் நலங்கிள்ளி.
திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தோம்.
முந்நூற்று இருபதா, நூற்று இருபத்தெட்டா?
பென்டிரைவில் அவருடைய பக்திப் பாட்டெல்லாம் போக
மிச்சம் கொஞ்சம்தான். நூற்று இருபத்தெட்டு.
எனக்கு இது தெரிந்த கணக்கு.
அங்குலத்துக்கு அறுபது ஊடையை ஐம்பதாக்கினால்
கடையில் அதே சேலைதான்,
பொம்மை மேல் அதே மினுமினுப்பு.
வெயிலுக்கு நேரே விரித்துப் பார்க்கிறவள்
நூற்றில் ஒருத்தி.

"எதை எடுத்துப் போடும்?"
"காதுக்குக் கேக்காததை."
"யார் காதுக்கு?"
அவன் பதில் சொல்லாமல்
இரண்டு படம் காட்டினான்.
முதலாவதில் ஓசை மேலே மேலே
மார்கழிப் பனி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.
இரண்டாவதில் ஒரே மட்டத்தில்
கத்தரி வைத்திருந்தார்கள்.

இப்படி ஒரு படம் என்னிடமும் இருக்கிறது.
ஆடி மாதம், சமுதாயக் கூடத்தில் காது முகாம்.
ஷகிலா பானு என்கிற பெண் ஹெட்போனை மாட்டி
"கேட்டா கையைத் தூக்குங்க" என்றாள்.
மெஷின் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து
நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அவள் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள்.
பாதி தூரம் நேராக வந்த கோடு
குப்பனூர் ரோடு மாதிரி சரிந்து இறங்கியது.
"எத்தனை வருஷமா தறி?"
"இருபத்திரண்டு."
"பஞ்சு வச்சிருக்கலாமேக்கா."
வைத்திருக்கலாம்.
எங்கள் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்.

நாலே நிமிடத்தில் மாறிவிட்டது.
"திரும்ப மாத்தினா பழையபடி வருமா?"
"பெரிசா வரும். போனது வராது."
ஜவ்வரிசியை ஊறப்போட்டால் பெருக்கத்தான் செய்யும்,
கிழங்கு ஆகாது.

அடிவாரம் தாண்டியதும் ராகம் தொடங்கியது.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
அவரே ஸ்டீரிங்கில் விரல் தட்டினார்.
பதினோராவது வளைவில் எல்லோருக்கும் காது அடைத்தது.
அவர் எச்சில் விழுங்கினார், இவன் மூக்கைப் பிடித்து ஊதினான்.
"ஒண்ணுமே கேக்கலை" என்று கத்தினான்.
அடுத்த ஐந்தாறு வளைவுக்கு
மூன்று பேருக்கும் ஒரே காது.
பிறகு அவர்களுக்குத் திறந்துகொண்டது.

இரவு, வீட்டில்,
பெரிய கோப்பைப் போட்டு ஹெட்போனை அவனுக்கு மாட்டினேன்.
"பின்னாடி யாரோ தாளம் தட்டறாங்கம்மா,
தட்டின பிறகும் போய்க்கிட்டே இருக்கு."
"பேர் போட்டிருக்கா?"
நாதஸ்வரம் இரண்டு பேர், தவில் இரண்டு பேர்.
தாளத்துக்குப் போடவில்லை.
"கேக்கற வரைக்கும் கையைத் தூக்கு" என்றேன்.
தூக்கினான்.
ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்தக் கை
இறங்கவே இல்லை,
பிறகு மெதுவாக, விரல் விரலாக இறங்கியது.
"இன்னொரு தடவை" என்றேன்.

புதன்கிழமை சொன்னான், லேப்டாப் நிறைந்துவிட்டதாம்,
எதையாவது அழிக்க வேண்டுமாம்.
உங்கள் அத்தை கல்யாண வீடியோ
மூன்று பாகம் இருக்கிறதே, அதை அழி என்றேன்.
அப்பாவிடம் சொல்லாதே.